இந்தக் கோப்பைத் தொட்டால் அந்தக் கோப்பையும் தொடணுமா? கமிட் வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அலுவலகத்தில் ஒரு மதியம், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றை வைத்து நிரல் கோப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் உறவுகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அரை மணி நேரம் பேசினேன். (கமிட் என்பது அதில் ஒரே தடவையில் பதியும் மாற்றங்களின் கட்டு.) பேச்சு அன்றோடு முடிந்துவிட்டது, சந்தேகங்கள் இன்னும் முடியவில்லை. டீக்கடையில், லிஃப்டில், இரவு பத்து மணி வாட்ஸ்அப்பில் என்று அதே கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஒளிஞ்சிருக்கிற சார்புன்னா என்ன? இம்போர்ட் லைனைப் பார்த்தாலே எது எதை நம்பி இருக்குன்னு தெரிஞ்சிடுமே?

இம்போர்ட், அதாவது ஒரு கோப்பு இன்னொன்றை வெளிப்படையாக இழுத்துக்கொள்ளும் வரி, இருந்தால் அது வெளியே தெரியும் சார்பு. எடிட்டரே காட்டிவிடும், தப்பினால் கம்பைலர் கத்தும். நான் சொல்வது இம்போர்ட் இல்லாத உறவு. ஒரு பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் மொத்தத் தொகையைக் காட்டுவது ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. வாடிக்கையாளருக்குப் போகும் பிடிஎஃப் பில்லைத் தயாரிப்பது சர்வரில் இருக்கும் ஒரு பைத்தான் கோப்பு. ஒன்று இன்னொன்றை அழைப்பதில்லை, பெயரைக்கூட அறியாது. ஆனால் ஜிஎஸ்டி சேர்த்த பிறகு பைசாவை எப்படி முழுமையாக்குவது என்ற விதி இரண்டிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றில் மாற்றிவிட்டு மற்றதில் மறந்தால் திரையில் 1,180 ரூபாய், பில்லில் 1,179.99. டெஸ்ட் எல்லாம் பச்சை. கடைக்காரர் ஃபோன் செய்து கேட்கும்வரை யாருக்கும் தெரியாது.

"இதைத் தொட்டா அதையும் பார்த்துக்கோ" என்கிற இந்த விஷயம் பெரும்பாலும் டீமில் ரொம்ப நாளாக இருக்கும் ஒருவர் தலையில் மட்டும் இருக்கும். எந்த ஆவணத்திலும் இருக்காது. அவர் ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில்தான் இது வெடிக்கும். ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் இரண்டு கோப்பையும் சேர்த்தே மாற்றி கமிட் செய்திருப்பார் இல்லையா, அந்தத் தடம் வரலாற்றில் அப்படியே இருக்கிறது. அதைத்தான் தோண்டுகிறோம்.

கிட்டுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அது கோடைப் படிச்சுப் புரிஞ்சுக்குதா?

ஒரு வரி கூடப் படிப்பதில்லை. எந்தெந்தக் கோப்புகள் ஒரே கமிட்டில் சேர்ந்து மாறின என்ற பட்டியல் மட்டும் போதும். அது நிரலைப் படிக்காததுதான் இங்கே நமக்கு லாபம், ஏனென்றால் மொழி ஒரு தடையே இல்லை. பைத்தானும் எஸ்கியூஎல்லும், ஜாவாவும் எக்ஸ்எம்எல்லும், நிரலும் உதவிப் பக்கமும் என்று எந்த ஜோடியாக இருந்தாலும் பிடித்துவிடும். நிரலைப் படித்து ஆராயும் கருவிகள் மொழி எல்லையில் பெரும்பாலும் நின்றுவிடும்.

கிட்டின் சொந்த மூலநிரலே நல்ல உதாரணம். அதில் புதிதாக ஓர் உள்ளமைந்த கட்டளையைச் சேர்க்க வேண்டுமென்றால், அந்தக் கட்டளைக்கான சி கோப்பை எழுதினால் மட்டும் போதாது. அறிவிப்புகள் இருக்கும் ஹெடர் கோப்பு, மேக்ஃபைல், கட்டளைகளைப் பிரித்து அனுப்பும் முதன்மைக் கோப்பு, கட்டளைகளை வகைபிரிக்கும் ஓர் உரைக் கோப்பு, ஆவணப் பக்கம், கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளைப் பட்டியலிடும் கிட்இக்னோர் என்று ஊரைச் சுற்றி வர வேண்டும். கிட்இக்னோரில் சேர்க்க மறந்தால் எந்தக் கம்பைலரும் வாய் திறக்காது. ஆனால் பழைய கட்டளைகள் சேர்க்கப்பட்ட கமிட்டுகளை வரிசையாகப் பார்த்தால் இந்தக் கூட்டம் சேர்ந்தே வருவது தெரியும்.

இது யாராவது இப்போ புதுசா கிளப்பிவிட்ட ஃபேஷனா?

கிட்டை விடப் பழையது. கிட் வந்தது 2005-இல். 1998-லேயே ஹரால்ட் கால், கரின் ஹாயெக், மெஹ்தி ஜசாயேரி மூவரும் ஒரு தொலைபேசி இணைப்பக மென்பொருளின் 20 வெளியீடுகளை எடுத்து, எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்தே மாறுகின்றன என்று பார்த்தார்கள். இப்படிச் சேர்ந்து மாறும் உறவுக்கு லாஜிக்கல் கப்ளிங் (தர்க்கப் பிணைப்பு) என்ற பெயரை அந்தக் கட்டுரையில்தான் வைத்தார்கள்.

அடுத்து 2004-இல் தாமஸ் ஜிம்மர்மான், ஆண்ட்ரியாஸ் ஜெல்லர் உள்ளிட்ட நால்வர் ரோஸ் என்று, நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸுக்கு ஒரு செருகுநிரல் எழுதினார்கள். நீங்கள் ஓரிடத்தில் மாற்றினால், "இதை மாற்றியவர்கள் அதையும் மாற்றினார்கள்" என்று பக்கத்தில் காட்டும். எக்லிப்ஸ், ஜிசிசி, கிம்ப், போஸ்ட்கிரெஸ், பைத்தான் உட்பட எட்டுப் பெரிய திறமூலத் திட்டங்களில் சோதித்தார்கள். அவர்கள் காட்டும் உதாரணம் எக்லிப்ஸில் இருந்தே வருகிறது: ஒப்பீட்டு அமைப்புகளுக்கான ஜாவா கோப்பில் ஒரு புது விருப்பத்தைச் சேர்த்தால், இயல்புநிலை மதிப்பை வைக்கும் செயல்கூறையும், ஜாவாவே இல்லாத ஒரு ப்ராப்பர்டீஸ் கோப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். ப்ராப்பர்டீஸ் கோப்பை எந்த ஜாவா கம்பைலர் கண்டுபிடிக்கும்?

முடிவு எவ்வளவு நன்றாக வந்தது என்று கேட்பீர்கள். முதல் மாற்றத்தை வைத்து, அடுத்து மாற வேண்டிய கோப்புகளில் 26 சதவீதத்தைச் சரியாகச் சொன்னது. முதல் மூன்று பரிந்துரைகளில் ஒன்றாவது சரியாக இருக்கும் வாய்ப்பு 64 சதவீதம். எனக்கு இந்த எண்கள் பிடித்ததற்குக் காரணம் அவை அடக்கமாக இருப்பதுதான். எல்லாவற்றையும் கண்டுபிடித்துத் தருவதாக யாரும் சொல்லவில்லை.

சரி, கணக்கை எப்படிப் போடறது? கருவி ஏதாவது வாங்கணுமா?

காசு வேண்டாம். கமிட்டுகளை வரிசையாகக் காட்டும் கிட்டின் லாக் (log) கட்டளையில் கோப்புப் பெயர்களை மட்டும் காட்டும் தெரிவைப் போட்டு, கிளைகளை இணைக்கும் மெர்ஜ் கமிட்டுகளை விலக்கி, கடந்த ஒரு வருடத்துக்கு என்று வரம்பு வைத்து ஓர் உரைக் கோப்பில் சேமியுங்கள். அப்புறம் சின்னதாக ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்: ஒவ்வொரு கமிட்டுக்கும் அதில் உள்ள கோப்புகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடியும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். ஒரு மளிகைக் கடைக்காரர் பழைய பில்களைப் புரட்டி, இட்லி அரிசி வாங்கியவர்கள் உளுந்தும் வாங்கினார்களா என்று பார்க்கிற அதே வேலை. கமிட் என்பது பில், கோப்புகள் என்பவை சரக்கு.

எழுதச் சோம்பலாக இருந்தால், ஆடம் டோர்ன்ஹில் எழுதிய கோட் மாட் என்ற கருவி இலவசமாகவே கிடைக்கிறது. லாகை எந்த வடிவில் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் அதன் குறிப்பைப் பார்த்து அப்படியே செய்யுங்கள், இல்லாவிட்டால் வெறும் பட்டியலோ புரியாத பிழைச் செய்தியோதான் வரும்.

ஒரு வருடம் என்று சொன்னதற்குப் பெரிய தத்துவம் கிடையாது. ஐந்து வருட வரலாற்றைப் போட்டால் எப்போதோ சரிசெய்துவிட்ட உறவுகளும் உயிரோடு இருப்பது போல வந்து நிற்கும். ஒரு மாதம் போட்டால் எண்ணவே எதுவும் இருக்காது. மும்முரமான ரெப்போ (நிரல் கிடங்கு) என்றால் ஆறு மாதம் போதும்.

நான் போட்ட சதவீதம் ஒண்ணு, கோட் மாட் காட்டற சதவீதம் வேற. எது சரி?

இரண்டும் சரி, கேள்விதான் வேறு. ஒரு கோப்பு, அதன் பெயர் வரிவிதி என்று வைப்போம், 20 முறை மாறியிருக்கிறது. இன்னொன்று ஆர்டர், 100 முறை மாறியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து மாறியது 18 முறை. வரிவிதியைத் தொட்டவர் ஆர்டரையும் தொடும் வாய்ப்பு 20-க்கு 18, அதாவது 90 சதவீதம். ஆர்டரைத் தொட்டவர் வரிவிதியைத் தொடும் வாய்ப்பு வெறும் 18 சதவீதம். உறவுக்குத் திசை உண்டு. வரிவிதியில் கை வைப்பவருக்கு எச்சரிக்கை தேவை, ஆர்டரில் வேலை செய்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

கோட் மாட் இரண்டு கோப்புகளின் சராசரியால் வகுக்கிறது. 20-க்கும் 100-க்கும் சராசரி 60, எனவே 30 சதவீதம் என்று காட்டும். அதன் இயல்பான குறைந்தபட்ச வரம்பும் 30 என்பதால் இந்த ஜோடி வாசற்படியில் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தால் பட்டியலிலேயே வந்திருக்காது. ரொம்ப அடிக்கடி மாறும் ஒரு கோப்போடு எப்போதாவது மாறும் கோப்பு ஒட்டியிருந்தால் சராசரி அதை மறைத்துவிடும் என்பதால், நான் இரண்டு திசைச் சதவீதங்களையும் தனியாகவே போட்டுப் பார்க்கிறேன்.

ஒரு ஜோடி 100% காட்டுது அண்ணா! ஆனா ரெண்டே தடவைதான் மாறியிருக்கு. பயப்படணுமா?

வேண்டாம். இரண்டு முறை சேர்ந்து பஸ்ஸில் போனவர்களைச் சொந்தக்காரர்கள் என்று சொல்ல மாட்டோம். குறைந்தது ஐந்து முறையாவது சேர்ந்து மாறியிருந்தால்தான் நான் திரும்பிப் பார்ப்பேன், கோட் மாட்டின் இயல்பு வரம்பும் ஐந்துதான். பெரிய ரெப்போவில் இதைப் பத்தாக்கினாலும் தப்பில்லை.

எங்க பட்டியல் முழுக்கக் குப்பை. சம்பந்தமே இல்லாத கோப்பெல்லாம் ஜோடியா வருது. என்ன தப்பு பண்ணேன்?

எங்கேயோ ஒரு ராட்சத கமிட் இருக்கிறது. யாரோ நிரலை ஒழுங்காக அடுக்கும் ஃபார்மேட்டரை முழு ரெப்போவுக்கும் ஓட்டியிருப்பார்கள், இல்லையென்றால் எல்லாக் கோப்பின் தலையிலும் காப்புரிமை வருடத்தை மாற்றியிருப்பார்கள். 400 கோப்புகள் உள்ள ஒரே கமிட் 79,800 ஜோடிகளை உண்டாக்கும். இப்படி வருடத்துக்கு ஐந்தாறு நடந்தால் ஐந்து முறை என்ற வரம்பையும் அவை தாண்டிவிடும். முப்பதுக்கு மேல் கோப்புகள் உள்ள கமிட்டை மொத்தமாகத் தள்ளிவிடுங்கள். நல்ல கமிட்டும் ஒன்றிரண்டு போகும், போகட்டும்.

அடுத்து, கருவிகள் தாமாக எழுதும் கோப்புகள். நோட்.ஜேஎஸ் திட்டங்களில் பேக்கேஜ் கோப்பும், பதிப்புகளைப் பூட்டிவைக்கும் அதன் லாக் (lock) கோப்பும்தான் எப்போதும் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். அது தெரிந்த விஷயம், நீக்கிவிடுங்கள். மாற்றப் பட்டியல், பதிப்பு எண் கோப்பு, மொழிபெயர்ப்புக் கோப்புகளின் கூட்டம் ஆகியவையும் அப்படியே. முதல் முறை ஓட்டும்போது பாதி நேரம் இந்தக் களை எடுப்பதில்தான் போகும்.

நான் சின்னச் சின்னதா கமிட் பண்ற ஆளு. ஒரு கமிட்டுக்கு ஒரு கோப்புதான். அப்போ எனக்கு ஒண்ணுமே வராதே?

வராது, கமிட்டையே அலகாக வைத்தால். ஆனால் இந்தத் தலைவலியும் பழையதுதான். கிட்டுக்கு முந்தைய கருவியான சிவிஎஸ் காலத்தில் பல கோப்புகளைச் சேர்த்து ஒரே மாற்றமாகப் பதிவு செய்யும் வசதியே இல்லை, ஒவ்வொரு கோப்புக்கும் தனி வரலாறு. ரோஸ் எழுதியவர்கள் ஒரே ஆள், ஒரே செய்தியோடு, 200 விநாடி இடைவெளிக்குள் அடுத்தடுத்துப் பதிந்தவற்றை ஒரே மாற்றம் என்று கட்டிச் சேர்த்தார்கள். நாமும் அதே மாதிரி வேறு அலகைத் தேர்ந்தெடுக்கலாம். கமிட் செய்தியில் டிக்கெட் எண் (வேலைக் கோரிக்கையின் எண்) போடும் பழக்கம் இருந்தால் அதுதான் அருமையான அலகு: ஒரே டிக்கெட்டின் கமிட்டுகள் எல்லாம் ஒரு பில். டிக்கெட் எண் இல்லையென்றால் ஒரே ஆள் ஒரே நாளில் செய்தவற்றைச் சேர்க்கலாம். ஆனால் ஒருவர் ஒரே நாளில் மூன்று வேலை பார்த்திருந்தால் பொய் உறவு முளைக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இதே வழி பல ரெப்போக்களுக்கும் பொருந்தும். மைக்ரோசர்வீஸ் என்று பதினைந்து ரெப்போவாகப் பிரித்துவைத்திருக்கும் டீம்களில் டிக்கெட் எண் மட்டுமே அவற்றைத் தாண்டி ஓடும் நூல். ஐந்து சர்வீஸ் ஒவ்வொரு டிக்கெட்டிலும் சேர்ந்தே மாறுகிறது என்றால் அவை ஐந்து சர்வீஸ் இல்லை, ஐந்து இடத்தில் வைத்திருக்கும் ஒரே சர்வீஸ். இதைச் சொன்னால் சில ஆர்க்கிடெக்ட்களுக்குக் கோபம் வரும்.

நாங்க எல்லாத்தையும் ஸ்குவாஷ் பண்ணித்தான் மெர்ஜ் பண்ணுவோம். அது நல்லதா, கெட்டதா?

ஸ்குவாஷ் என்றால் ஒரு கிளையில் (தனியாக நடக்கும் வேலைப் பிரதியில்) சேர்ந்த கமிட்டுகளை எல்லாம் ஒரே கமிட்டாக அமுக்குவது. ஒரு கிளையில் ஒரே வேலைதான் என்றால் நல்லது. போன பதிலில் கஷ்டப்பட்டுச் சேர்த்ததை ஸ்குவாஷ் இலவசமாகச் செய்துவிடுகிறது. ஒரு கிளையை இரண்டு வாரம் திறந்துவைத்து, போகிற வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் சரிசெய்யும் பழக்கம் இருந்தால், எல்லாம் ஒரே மூட்டையாகிக் குப்பைதான் மிஞ்சும்.

ஃபோல்டரை மாத்தி, பேரையும் மாத்திட்டோம். வரலாறு போச்சா?

போகவில்லை, துண்டாகியிருக்கும். கிட் பெயர் மாற்றத்தைப் பதிவு செய்து வைப்பதே இல்லை. பார்க்கும் நேரத்தில், மறைந்த கோப்பும் புதிதாக வந்த கோப்பும் பாதிக்கு மேல் ஒத்திருந்தால் பெயர் மாறியிருக்கிறது என்று ஊகிக்கிறது. பெயரையும் மாற்றி உள்ளேயும் ஏகத்துக்கு மாற்றி ஒரே கமிட்டில் போட்டால் அந்த ஊகம் தோற்றுவிடும். அதனால் நகர்த்துவது ஒரு கமிட், திருத்துவது இன்னொரு கமிட் என்று பிரித்துச் செய்யுங்கள். ஏற்கெனவே நடந்துவிட்டது என்றால் பழைய பெயருக்குப் புதுப் பெயர் என்று ஒரு சின்ன அட்டவணையை ஸ்கிரிப்டில் கையாலேயே எழுதிவிடுவது சுலபம்.

என் மெஷின்ல நல்லா வருது, சிஐல ஓட்டினா காலியா வருது?

நிரலைத் தானாகச் சோதிக்கும் அமைப்பான சிஐ பெரும்பாலும் கடைசி ஒரு கமிட்டை மட்டும்தான் இறக்கும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட்டும் இயல்பாக அப்படித்தான். முழு வரலாற்றையும் இறக்கச் சொல்லி அமைப்பை மாற்றுங்கள்.

கோடும் அதோட டெஸ்டும் சேர்ந்தே மாறுது. அது தப்பா?

அது சேர்ந்து மாறத்தான் வேண்டும். மாறாமல் இருந்தால்தான் கவலை: ஒரு கோப்பு 40 முறை மாறி, அதன் டெஸ்ட் 3 முறை மட்டும் மாறியிருந்தால் அந்த டெஸ்ட் எதைத்தான் சோதிக்கிறது என்று திறந்து பார்ப்பேன். இன்னொரு பக்கம், ஒரே டெஸ்ட் கோப்பு பதினைந்து நிரல் கோப்புகளோடு ஒட்டிக்கொண்டு வந்தால் அது மற்றவர்கள் வீட்டுச் சமையலறை வரை எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். சி நிரலில் ஹெடரும் அதன் சி கோப்பும் சேர்ந்து வருவதும் எதிர்பார்த்ததே.

சேர்ந்து மாறுதுன்னு தெரிஞ்சாச்சு. அப்போ ரெண்டையும் ஒரே கோப்பா ஆக்கிடலாமா?

இந்த அவசரத்தில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். ஒரு பழைய வேலையில் அறிக்கைத் திரை ஒன்றும் பயனர் அனுமதிக் கோப்பு ஒன்றும் 70 சதவீதத்துக்கு மேல் ஒட்டியிருந்தன. பெரிய புதையல் கிடைத்தது போல இரண்டுக்கும் பொதுவாக ஓர் அடுக்கு எழுதி நான்கு நாள் செலவழித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஆள். வெள்ளிக்கிழமை மாலையில் அந்த வாரம் வந்த கோரிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகப் போடுவது அவர் வழக்கம். கோப்புகளுக்குள் உறவே இல்லை, உறவு அவருக்கும் வெள்ளிக்கிழமைக்கும்தான். நான் எழுதிய அடுக்கை நானே பிரித்து எடுத்தேன்.

அதனால் எண்ணைப் பார்த்ததும் நிரலில் கை வைக்காதீர்கள். அந்த ஜோடி சேர்ந்து வந்த கமிட்டுகளில் ஐந்தாறைத் திறந்து, உண்மையில் எந்த வரிகள் மாறின என்று படியுங்கள். ஒரே விதி இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தால் (முதல் கேள்வியில் வந்த பைசாக் கதை) அதை ஓரிடத்துக்குக் கொண்டுவரலாம். மாறக்கூடிய ஒரு முடிவை ஒரே தொகுதிக்குள் மறைத்துவை என்று டேவிட் பார்னஸ் 1972-லேயே எழுதிவிட்டார், இங்கே ஒரே முடிவு இரண்டு இடத்தில் கசிந்திருக்கிறது. மொழியே வேறு, ஓரிடத்துக்குக் கொண்டுவர முடியாது என்றால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். அதற்கும் நேரமில்லையா, இரண்டு கோப்பின் தலையிலும் ஒரு வரி கமெண்ட். கேவலமாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும்.

மேனேஜர் இந்த ரிப்போர்ட்டை வச்சு யார் மோசமா எழுதறாங்கன்னு பார்க்கலாமான்னு கேட்கறார். என்ன சொல்றது?

முடியாது என்று சொல்லுங்கள். அப்படிப் பயன்படுத்தினால் அடுத்த மாதமே எல்லோரும் ஒரு கமிட்டுக்கு ஒரு கோப்பு என்று மாறிவிடுவார்கள், தரவு செத்துவிடும். அவருக்குப் பயன்படும் வேறு விஷயம் இதில் இருக்கிறது: இரண்டு வெவ்வேறு டீம்களின் கோப்புகள் சேர்ந்து மாறுகின்றன என்றால் அந்த இரண்டு டீமும் தினம் பேச வேண்டியவர்கள். அதைக் காட்டுங்கள்.

வரலாறு சொல்லாம விட்டுடற உறவு இருக்கா?

இருக்கிறது, அதுவும் மோசமான வகை. ஒன்று, எதுவுமே மாறாத பகுதி. மூன்று வருடமாக யாரும் தொடாத கோப்புகள் எவ்வளவு பின்னிக்கிடந்தாலும் வரலாறு மௌனமாகத்தான் இருக்கும்.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. ஒரே கமிட்டில் இரண்டு கோப்புகள் வந்தால், எழுதியவர் இரண்டாவது கோப்பை மறக்கவில்லை என்று பொருள். நமக்கு உண்மையில் ஆபத்தான ஜோடி, எல்லோரும் மறக்கிற ஜோடி. அது ஒரே கமிட்டில் வரவே வராது. செவ்வாய்க்கிழமை ஒன்று மாறும், வெள்ளிக்கிழமை வேறொருவர் பெயரில், வேறு டிக்கெட்டில், "பில் தொகை பிழை சரிசெய்யப்பட்டது" என்ற செய்தியோடு இன்னொன்று மாறும். இதைப் பிடிக்க, பிழைதிருத்தம் என்று செய்தி சொல்லும் கமிட்டுகளை மட்டும் எடுத்து, அதற்கு முந்தைய ஏழு நாளில் வேறு எந்தக் கோப்பு மாறியது என்று எண்ணிப் பார்க்கிறேன். அடிக்கடி மாறும் கோப்புகள் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் சத்தம் நிறைய இருக்கும், அவற்றைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு இதுவரை கிடைத்த நல்ல ஜோடிகள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

நாளைக்கு முதல் தடவை ஓட்டப் போறேன். பட்டியல் வந்ததும் எங்க ஆரம்பிக்கறது?

மேலே இருந்து இருபது ஜோடிகள் மட்டும் எடுங்கள். ஒரே ஃபோல்டருக்குள் இருப்பவற்றை அடித்துவிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து போவதில் செய்தி இல்லை. மீதியில் ஃபோல்டர் மரத்தில் ஒன்றுக்கொன்று ரொம்பத் தூரத்தில் இருப்பவை நாலைந்து தேறும். அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, டீமில் அதிக நாள் இருப்பவரை டீக்கு அழைத்துப் போய், "இது ரெண்டும் ஏன் எப்பவும் சேர்ந்தே மாறுது?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அவர் டீயைக் கீழே வைக்காமலேயே, "அதுவா? அது தெரியாதா உனக்கு?" என்பார். அடுத்து அவர் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.